கோபிநாத் கேட்கிறார்

ஆவூர்
9.7.2024, செவ்வாய், இரவு

அன்புள்ள ஜோஸ் அண்ணனுக்கு,

ஷெரின் எழுதுவது. நானும் அம்மாவும் நலம். அப்பா ஞாயிற்றுக்கிழமை குவைத்திலிருந்து பேசினார்கள், அவர்களும் நலம். நீ சாமியாராகப் பயில நவதுறவகத்துக்குப் போய் இன்றோடு முப்பத்து நான்கு நாள். அங்கே ஒரு வருடம் போன் கிடையாது, கடிதம்தான் என்று தெரிந்ததும் அம்மா கடிதத் தாள் ஒரு கட்டு வாங்கி வைத்திருக்கிறார்கள். ஆனால் அதில் எடுத்தால் எண்ணிக்கை குறையும். அதனால் என் கணக்கு நோட்டின் நடுத்தாளில் எழுதுகிறேன். நடுத்தாளை எடுத்தால் நோட்டில் தெரியாது.

அம்மா உன்னை இனி 'நீங்க' போட்டுத்தான் எழுத வேண்டும் என்கிறார்கள். "அவன் இனிமே நம்ம வீட்டு ஜோஸ் இல்லடி, பிரதர்" என்று சொல்கிறார்கள். எழுத உட்கார்ந்தால் எனக்கு அது வரவில்லை. மன்னித்துக்கொள்.

விஷயம் இதுதான். உன் எலெக்ட்ரிக் கிட்டாரையும் சின்ன ஆம்ப்ளிஃபயரையும் மூன்று பெடலையும் ஆகஸ்ட் மாதா திருநாளுக்குள் யாருக்காவது கொடுத்துவிடச் சொன்னாய். வீட்டில் இருந்தால் உனக்கு அங்கே நினைப்பு வரும் என்றாய். ஆள் வந்துவிட்டார். பெயர் கோபிநாத். ஊர் ஆலங்குடி. ஹெவி மெட்டல் வாசிக்கப் பழகுகிறார். நல்லவர் மாதிரிதான் தெரிகிறது.

அவருக்குச் சில சந்தேகங்கள். காலால் மிதித்தால் கிட்டாரை உறும வைக்கிற அந்தப் பெட்டிகளில் கறுப்பும் ஆரஞ்சும் இரண்டுமே உறுமுகின்றன. மெட்டலுக்கு எதை வைத்துக்கொள்ள வேண்டும்? பச்சைப் பெட்டி அவ்வளவாக உறுமவில்லை, அது எதற்கு? கறுப்பில் உறுமலைக் கூட்டுகிற கெயின் குமிழை முழுவதும் திருப்பினால் கிட்டாரைத் தொடாமலே ஸ்ஸ்ஸ் என்று இரைகிறது. அது கோளாறா? கோபிநாத்துக்குக் கை சின்னது. வீட்டில் ஹெட்போன் மாட்டிக்கொண்டுதான் வாசிப்பாராம், ஏனென்றால் அவருடைய அம்மாவுக்குப் பிடிக்காது.

இதையெல்லாம் நம் அம்மாவிடம் கேட்டு எழுத முடியாது. எனக்கு டெங்கு வந்தபோது நீ செய்த நேர்ச்சைக்குப் பிறகு கிட்டார் என்ற சொல்லையே வீட்டில் எடுக்க விடுவதில்லை என்று உனக்கே தெரியும். கடவுளுக்குக் கொடுத்ததைத் திரும்பத் திரும்பப் பேசினால் காய்ச்சல் திரும்பும் என்கிறார்கள். அதனால் பதிலை என்னோடு பிளஸ் ஒன் படிக்கிற சத்யபிரியாவின் வீட்டு விலாசத்துக்கு எழுது. கீழே எழுதியிருக்கிறேன்.

விளக்குப் போட்டால் அம்மா எழுந்துவிடுவார்கள். ஃப்ரிட்ஜ் கதவைக் கொஞ்சம் திறந்து வைத்து அந்த வெளிச்சத்தில் எழுதுகிறேன். கால் சில்லிட்டுவிட்டது. முடிக்கிறேன்.

ஷெரின்


சேசு மரி சூசை

திண்டுக்கல்
28.7.2024

அன்புத் தங்கை ஷெரினுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே வருகிற, போகிற எல்லாக் கடிதங்களையும் எங்கள் பயிற்சித் தந்தை படித்துவிட்டுத்தான் கொடுப்பார். உன்னுடையதைப் படித்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். "பெடல்னா சைக்கிள் பெடலா பிரதர்?" என்று கேட்டார். விளக்கினேன். ஒரு பக்கத்துக்குள் பதில் எழுதி அந்த விஷயத்தை முடித்துவிடச் சொன்னார்.

நீ கடிதத்தின் மேலே சேசு மரி சூசை போட மறந்துவிட்டாய். மூன்றாம் வகுப்புக் கணக்குப் பரீட்சையில்கூடப் போட்டு டீச்சரிடம் திட்டு வாங்கியவள் நீ. ஃப்ரிட்ஜ் வெளிச்சத்தில் மறந்திருக்கலாம்.

கோபிநாத்துக்குச் சொல். மெட்டலுக்குக் கறுப்பு. ஆரஞ்சு மோசமில்லை, ஆனால் அதில் ஒலியின் குணத்தை மாற்ற ஒரே ஒரு குமிழ்தான். கறுப்பில் அடி, நடு, மேல் என்று மூன்றையும் தனித்தனியாக மாற்றலாம். இரைச்சல் கோளாறில்லை. அவ்வளவு கெயினில் சும்மா இருப்பதும் பெரிதாகக் கேட்கும். கெயினைப் பாதிக்குக் கொஞ்சம் மேலே நிறுத்தச் சொல். அதற்கு மேல் போவது பயத்தில் செய்வது. கை தப்புவது கேட்டுவிடும் என்று சத்தத்தால் மூடப் பார்க்கிற பயம்.

இன்னொன்று. முதலில் எல்லோரும் செய்கிற தப்பு, நடுக் குமிழைக் கீழே இறக்கிவிடுவது. அறையில் தனியாக வாசிக்கும்போது அது பெரிய பாறை உருளுகிற மாதிரி அருமையாக இருக்கும். டிரம்ஸும் பேஸும் சேர்ந்த நிமிடத்தில் கிட்டார் எங்கே என்று தேட வேண்டியிருக்கும். கிட்டாரின் குரல் நடுவில் இருக்கிறது. நடுவை வெட்டக் கூடாது.

பக்கம் முடிந்துவிட்டது. ஓரத்தில் எழுதுகிறேன். பச்சையைத் தூக்கிப் போட வேண்டாம். அதைக் கறுப்புக்கு முன்னால் இணைத்து, அதன் கெயினைச் சுழியிலும் லெவலை மேலேயும் வைக்க வேண்டும். அடித்தந்தியின் குழகுழப்பு போய்விடும். எது சரியான பெடல் என்று பார்க்க வேகமாக வாசிக்கத் தேவையில்லை. அடித்தந்தியை உள்ளங்கை விளிம்பால் அமுக்கிப் பிடித்து நான்கு அடி அடித்து, சட்டென்று நிறுத்த வேண்டும். வாசிக்கும்போது எல்லாப் பெடலும் நன்றாகத்தான் இருக்கும். நிறுத்தும்போது எது உடனே நிற்கிறது என்று கேட்கச் சொல். கை சின்னதாக இருப்பது ஒரு குறையே இல்லை.

அம்மாவைப் பார்த்துக்கொள்.

ஜோஸ்


ஆவூர்
19.8.2024, இரவு

அன்புள்ள அண்ணனுக்கு,

உன் கடிதத்தைச் சத்யபிரியா பிசிக்ஸ் புத்தகத்துக்குள் வைத்துக் கொண்டுவந்து கொடுத்தாள். "ஒங்க அண்ணன் ஓரத்துலகூட எழுதியிருக்காருடி, லவ் லெட்டர் மாதிரி" என்று கிண்டல் செய்தாள்.

கோபிநாத் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார். அம்மாவிடமும் சொல்லிவிட்டேன். அம்மா சிலுவை போட்டுக்கொண்டு, "நல்லது. போனது போகட்டும்" என்றார்கள். அவ்வளவுதான்.

ஆனால் கோபிநாத் இன்னும் சில கேள்விகள் கேட்கிறார்.

நீ சொன்னபடி கெயினைப் பாதிக்கு இறக்கினாராம். இப்போது அவர் செய்கிற ஒவ்வொரு தப்பும் தனியாகக் கேட்கிறதாம். முதலில் அழுகை வந்ததாம், பிறகு அதுவே நல்லது என்று தோன்றியதாம். நிறுத்திப் பார்க்கிற சோதனையில் கறுப்புதான் ஜெயித்தது. ஆரஞ்சு வால் மாதிரி ஒரு சத்தத்தை இழுத்துக்கொண்டே போகிறது. பச்சையை முன்னால் மாட்டியதும் கதவைச் சாத்துகிற மாதிரி நிற்கிறது என்று சொன்னார்.

கறுப்பில் போட்டிருந்த பேட்டரி தீர்ந்துவிட்டது. அடிக்கடி பேட்டரி வாங்கக் கடைக்குப் போனால் எதற்கு என்று கேட்பார்கள். ஏதாவது அடாப்டர் மாட்டலாமா? ஒன்பது வோல்ட் என்று எழுதியிருந்தால் போதுமா?

கடைசியாக ஒன்று கேட்கிறார். ஒருவர் நேர்ச்சையாக விட்டுவிட்ட கிட்டாரை இன்னொருவர் வாசித்தால் அந்த நேர்ச்சை முறிந்துவிடுமா? கோபிநாத் இந்து, அவருக்கு நம் வழக்கம் தெரியாது, அதனால் பயப்படுகிறார். அன்றைக்குப் புதுக்கோட்டை ஆஸ்பத்திரியில் நீ சரியாக என்ன வார்த்தை சொன்னாய் என்று கேட்டு எழுதச் சொன்னார். 'நான் இந்தக் கிட்டாரைத் தொட மாட்டேன்' என்று சொன்னாயா, 'இந்தக் கிட்டார் இனிமேல் சத்தம் போடாது' என்று சொன்னாயா? இரண்டுக்கும் வித்தியாசம் இருக்கிறதாம்.

எனக்குப் போன வாரம் இரண்டு நாள் காய்ச்சல். இப்போது இல்லை. நீ கவலைப்படாதே.

ஷெரின்


சேசு மரி சூசை

திண்டுக்கல்
14.9.2024

அன்புத் தங்கைக்கு,

உனக்கு எப்படி இருக்கிறது? இரத்தம் சோதித்துப் பார்த்தீர்களா? தட்டணு எண்ணிக்கையை எழுது. அதை முதலில் எழுது, மற்றதெல்லாம் பிறகு.

தந்தை இந்த முறை சிரிக்கவில்லை. "அந்த கோபிநாத் தம்பிக்குக் கை இல்லையா, அவரே எழுதலாமே" என்று மட்டும் சொன்னார். பிறகு, "நேர்ச்சையப் பத்திக் கேட்டிருக்காரே, அதுக்கு என்ன எழுதப் போறீங்க பிரதர்?" என்றார். நான் யோசித்து எழுதுகிறேன் என்றேன். ஐந்து நாள் யோசித்தேன்.

கோபிநாத் நேர்ச்சையைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். அது கொடுத்தவனுக்கும் கேட்டவருக்கும் நடுவில் இருப்பது. வேறு யார்மேலும் அது விழாது. இதற்கு மேல் இப்போது எழுத முடியவில்லை.

அடாப்டர் பற்றி. வோல்ட் மட்டும் சரியாக இருந்தால் போதாது. அடாப்டர் முனையில் நடுவில் ஒரு துளையும் சுற்றிலும் ஒரு வளையமும் இருக்கும். கிட்டார் பெடல்களுக்கு நடுவில் மைனஸ் வர வேண்டும். வேறு சாமான்கள் பலவற்றுக்கு நடுவில் பிளஸ் வரும். முனை பொருந்தும், எழுத்தும் ஒன்றாக இருக்கும், மாட்டியதும் எரிந்துவிடும். கோயில் கீபோர்டு அடாப்டரை மட்டும் மாட்டவே வேண்டாம்.

இங்கே ஆர்மோனியம்தான். நன்றாகத்தான் இருக்கிறது. மதியம் கிணற்று மோட்டார் ஓடும்போது ஒரு தாழ்ந்த சத்தம் வரும். ஜெபத்தில் இருக்கும்போது அது கேட்டால் என் வலது கை தானாக முழங்காலில் தாளம் போடுகிறது. பக்கத்தில் இருக்கிறவர் பார்க்கிறார். கையை மற்றக் கையால் பிடித்துக்கொள்கிறேன்.

எண்ணிக்கையை எழுது.

ஜோஸ்


சேசு மரி சூசை

ஆவூர்
6.10.2024, இரவு

அன்புள்ள அண்ணனுக்கு,

இந்த முறை மேலே போட்டிருக்கிறேன், பார். முன்பு மறக்கவில்லை. பொய் எழுதுகிற தாளில் அந்த மூன்று பேரை எப்படி எழுதுவது என்று விட்டுவிட்டேன். இன்று பொய் இல்லை. தந்தை படித்தாலும் படிக்கட்டும்.

கோபிநாத் என்று யாரும் இல்லை. ஆலங்குடி என்று ஏன் சொன்னேன் என்றால், அது தூரம், அம்மாவுக்கு அங்கே யாரையும் தெரியாது. கீபோர்டு அடாப்டர் என்று நீ எழுதியிருந்ததைப் பார்த்ததும் உனக்குத் தெரிந்துவிட்டது என்று புரிந்தது. ஆலங்குடிக்காரர் வீட்டில் நம் கோயில் கீபோர்டு அடாப்டர் எப்படி இருக்கும்? பாடகர் குழுவில் அது என் பொறுப்பு, என் ஸ்கூல் பைக்குப் பக்கத்தில்தான் தொங்குகிறது.

உன் சாமான் எல்லாம் பரணில், கிறிஸ்துமஸ் குடில் பொம்மைகள் இருக்கிற சாக்குக்குப் பின்னால் இருக்கிறது. நீ போன ஒன்பதாம் நாள் ராத்திரி முதன்முதலாக எடுத்தேன். தூசி தட்டி வைத்துவிடலாம் என்றுதான் எடுத்தேன். ஹெட்போனை மாட்டிக் கறுப்பை மிதித்து ஒரே ஒரு தந்தியை அடித்தேன். அண்ணே, கோயிலில் நான் எட்டு வருடமாகப் பாடுகிறேன், என் குரலை மற்றவர்களுடையதோடு கலந்துதான் கேட்டிருக்கிறேன். அந்த ஒரு தந்தி என்னுடையது மாதிரி இருந்தது. இதை யாரிடமும் சொல்ல முடியவில்லை. சத்யபிரியாவிடம் சொன்னால் சிரிப்பாள்.

உன் கடிதம் வருவதற்கு ஐந்து நாள் முன்னால் கீபோர்டு அடாப்டரை மாட்டிவிட்டேன். ஒன்பது வோல்ட் என்று எழுதியிருந்தது. முனை பொருந்தியது. சின்னதாக 'டிக்' என்று ஒரு சத்தம், பிறகு பிளாஸ்டிக் கருகுகிற நாற்றம். கறுப்பு செத்துவிட்டது. நாற்றம் போக ஜன்னலைத் திறந்து நோட்டால் விசிறினேன். அம்மா படுத்தபடியே, "என்னடி கருகுது?" என்றார்கள். கொசுவத்தி என்றேன்.

மறுநாளே எனக்கு மறுபடி காய்ச்சல்.

பெடல் எரிந்ததற்கு மறுநாள் காய்ச்சல். நீயே சொல், நான் என்ன நினைப்பேன்? அம்மா விராலிமலை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார்கள். எண்ணிக்கை இரண்டு லட்சத்துப் பத்தாயிரம். சளிக் காய்ச்சல்தான் என்றார் டாக்டர். எனக்கு நம்பிக்கை வரவில்லை. தினமும் ஹெட்போனைக் கழற்றியதும் முதலில் என் கழுத்தைத் தொட்டுப் பார்க்கிறேன். சுடாவிட்டால் இன்றைக்குத் தப்பித்தேன் என்று படுக்கிறேன். மறுநாள் மறுபடி எடுக்கிறேன். நீ எனக்காகத்தான் இதை விட்டாய். நான் உயிரோடு இருப்பதற்குக் கொடுத்ததை நானே எடுத்து வாசிக்கிறேன். இதைவிடக் கேவலம் உண்டா?

பெடலை எப்படியாவது சரி செய்து வைத்துவிட வேண்டும் என்று சத்யபிரியாவோடு விராலிமலையில் இருளாண்டி அண்ணன் கடைக்குப் போனேன். திருவிழாவுக்கெல்லாம் ரேடியோ செட் கட்டுவாரே, குழாய் ஸ்பீக்கர் ரிப்பேர் பார்ப்பாரே, அவர்தான். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "தையல் மிஷின் சுவிட்ச்சா பாப்பா?" என்றார். கிட்டாரின் சத்தத்துக்கு என்று மட்டும் சொன்னேன். நான்கு நாள் கழித்து வரச் சொன்னார்.

போனால் முகமெல்லாம் சிரிப்பு. "எரிஞ்சது ஒரு டயோடுதான், மாத்திட்டேன். ஆனா உள்ளுக்குள்ள வேற ஒரு கம்ப்ளெய்ண்ட் இருந்துச்சு பாப்பா. ஒனக்குத் தெரிஞ்சிருக்காது. சத்தம் உள்ள போறப்ப நல்லாத்தான் போவுது. வெளிய வாரப்ப ஒரே கரகரப்பு. பாத்தா, ரெண்டு டயோடு குறுக்க நின்னு சத்தத்தோட தலையையும் காலையும் வெட்டிக்கிட்டு இருக்கு. எந்தப் பய மாட்டுனான்னு தெரியல. கழட்டிட்டேன். இப்பக் கேளு, கண்ணாடி மாதிரி இருக்கும்" என்றார். கூலிகூட வாங்க மாட்டேன் என்றார். அந்தக் கரகரப்புக்காகத்தான் இந்தப் பெட்டியையே செய்கிறார்கள் என்று அவரிடம் எப்படிச் சொல்வது? நன்றி என்றேன். சத்யபிரியா பஸ் ஏறும்வரை சிரித்தாள். நான் வீட்டுக்கு வந்து மாட்டிப் பார்த்தேன். கோயில் கிட்டார் மாதிரி சுத்தமாக இருந்தது. அன்றைக்குத்தான் ரொம்ப அழுதேன்.

டிசம்பரில் அம்மா குடில் பொம்மைகளை எடுக்கப் பரணில் ஏறுவார்கள்.

நீ சொன்ன வார்த்தை என்ன? அதை மட்டும் எழுது. 'சத்தம் போடாது' என்று சொல்லியிருந்தால் நான் எல்லாவற்றையும் மூட்டை கட்டி யாருக்காவது கொடுத்துவிடுகிறேன். உண்மையாகவே கொடுத்துவிடுகிறேன்.

ஷெரின்


திண்டுக்கல்
2.11.2024, கல்லறைத் திருநாள்

ஷெரின்,

மேலே ஒரு வரிக்கு இடம் விட்டிருக்கிறேன். மறந்து விட்டதில்லை.

இந்தக் கடிதத்தைத் தந்தை படிக்கவில்லை. நேற்று எழுதிக் காட்டிய தாளில் நேர்ச்சை என்ற சொல்லைப் பார்த்ததும் மடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டார். "இது என்கிட்ட பாவசங்கீர்த்தனத்துல சொன்னீங்கல்ல, அது போதும். இது அந்தப் புள்ளைக்குப் போக வேண்டியது. நீங்களே ஒட்டிருங்க" என்றார்.

நான் சொன்ன வார்த்தை: 'இவ பொழைச்சா நான் கிட்டாரத் தொட மாட்டேம்மா, சாமியாராப் போறேன்.' நான் தொட மாட்டேன் என்பதுதான். கிட்டாரைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. நீ கேட்டதற்கு இதுவே பதில். நீ வாசிக்கலாம். எப்போதும் வாசித்திருக்கலாம்.

ஆனால் இதோடு நிறுத்தினால் நான் உனக்கு இன்னொரு பொய் எழுதியவனாவேன்.

உனக்கு டெங்கு வந்ததற்கு இரண்டு வாரம் முன்னால் திருச்சியில் எங்கள் பேண்டுக்கு ஒரு போட்டி இருந்தது. நினைவிருக்கும், புதுச் சட்டை வாங்கிக்கொண்டு போனேன். கறுப்பு பெடலில் நடுக் குமிழை முழுவதும் இறக்கி வைத்திருந்தேன். என் அறையில் அது அவ்வளவு கனமாக இருந்தது. மேடையில் இருபது நிமிடம் வாசித்தேன். ஒருவருக்கும் கேட்கவில்லை. டிரம்ஸ் கேட்டது, பேஸ் கேட்டது, பாடியவன் குரல் கேட்டது. நான் குனிந்து முடியை ஆட்டிக்கொண்டு உயிரைக் கொடுத்து வாசித்துக்கொண்டிருக்கிறேன், கீழே ஒருவன் பக்கத்திலிருப்பவனிடம், "அவன் வயர் மாட்டலையோ" என்று என்னைக் காட்டிக் கேட்டான். நடுவை வெட்டக் கூடாது என்று உனக்கு எழுதினேனே, அதை நான் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை.

பிறகு உன் காய்ச்சல். ஐந்தாம் நாள் மதியம் அம்மா இளநீர் வாங்கக் கீழே போயிருந்தார்கள். நர்ஸ் வந்து, "பதினெட்டாயிரத்துல இருந்து இருபத்தாறு ஆயிருச்சு தம்பி. ஏற ஆரம்பிச்சிருச்சுன்னா இனிப் பயமில்ல. அம்மா வந்தாச் சொல்லிருங்க" என்றார். நான் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டேன். அப்போது போன் வந்தது. எங்கள் டிரம்மர் ஆனந்தராஜ். "மாப்ள, நீ தப்பா நெனைக்காத. தங்கச்சி ஒடம்பப் பாரு, அவசரமில்ல. நாங்க வேற ஆளப் பாத்துட்டோம். அன்னைக்கு மேடையில நீ வாசிச்சியா இல்லையான்னே தெரியல" என்றான். கெட்டவன் இல்லை. எப்படிச் சொல்வது என்று தெரியாமல் சொன்னான்.

அம்மா இளநீரோடு வந்தார்கள். நர்ஸ் சொன்னதை நான் முதலில் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அந்த வார்த்தையைச் சொன்னேன். ஷெரின், நீ பிழைத்துவிட்டாய் என்று தெரிந்த பிறகு, நீ பிழைத்தால் என்று நேர்ந்துகொண்டேன்.

ஊரில் எல்லோரும் ஏன் கிட்டாரை விட்டான் என்று கேட்பார்கள். பேண்டில் துரத்திவிட்டார்கள் என்று சொல்வதைவிடத் தங்கைக்காக விட்டேன் என்று சொல்வது எவ்வளவு கௌரவம். அந்த நிமிடம் இவ்வளவு தெளிவாக யோசிக்கவில்லை. ஆனால் உள்ளுக்குள் தெரியும். மறுநாள் காலை எண்ணிக்கை நாற்பதாயிரத்தைத் தாண்டியது என்று டாக்டர் சொன்னதும் அம்மா வார்டுத் தரையில் அத்தனை பேருக்கு முன்னால் முழந்தாளிட்டார்கள். அதன்பிறகு எனக்கு வாய் திறக்கவில்லை. பங்குத் தந்தை பூசையில் சொன்னார். அப்பா குவைத்திலிருந்து அழுதார்கள். ஒரு பொய்யை எத்தனை பேர் கையில் கொடுத்துவிட்டேன்.

உன்னை மட்டும் நினைக்கவில்லை. பதினான்கு வயதுப் பிள்ளை, என் அண்ணன் வாழ்க்கையை நான் தின்றுவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு இத்தனை நாள் இருப்பாள் என்று நினைக்கவில்லை. கழுத்தைத் தொட்டுப் பார்க்கிறேன் என்று நீ எழுதியிருந்த வரியை நான் இன்னும் முழுதாகப் படித்து முடிக்கவில்லை. அங்கே வந்ததும் தாளை மடித்துவிடுகிறேன்.

உன் காய்ச்சலுக்கும் கிட்டாருக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. அன்றும் இல்லை, இன்றும் இல்லை.

அம்மாவிடம் நீ சொல்லாதே. அதைக் கேட்கிற உரிமை எனக்கு இல்லை, ஆனாலும் கேட்கிறேன். கடிதத்தில் அவர்கள் படிக்கக் கூடாது. மே மாத முடிவில் ஒரு வாரம் விடுவார்கள். வந்து எதிரில் உட்கார்ந்து சொல்கிறேன். அதன்பிறகு நான் இங்கே திரும்புவேனா என்று தந்தையும் கேட்கிறார். தெரியவில்லை என்றேன். பொய்யாக வந்த இடம்தான், ஆனால் காலையில் இங்கே எழுந்திருப்பது எனக்குப் பிடித்திருக்கிறது. அதுவும் ஒரு குழப்பம்.

உன்னுடைய முதல் கடிதத்திலேயே எனக்குத் தெரியும். மேலே வரி இல்லாததைப் பார்த்ததும் இது பொய் என்று தெரிந்துவிட்டது. ஆலங்குடியில் மெட்டல் வாசிக்கிற கோபிநாத் ஒருவன் இருந்தால் எனக்குத் தெரியாமல் இருப்பானா? தெரிந்தும் ஏன் பதில் எழுதினேன் என்றால், பெடலைப் பற்றி என்னிடம் யாரும் கேட்டு இரண்டு வருடம் ஆகிவிட்டது. நீ பொய்யை எழுதிவிட்டு மேலே வெறுமையாக விட்டாய். நான் இரண்டு கடிதத்திலும் மேலே அதை எழுதிவிட்டுக் கீழே மறைத்தேன். இன்று எழுதக் கை கூசுகிறது. அதனால்தான் அந்த இடம்.

இருளாண்டி அண்ணனிடம் அந்த இரண்டு டயோடையும் திரும்ப மாட்டச் சொல். அவர் மேல் தப்பில்லை.

ஜோஸ்


சேசு

ஆவூர்
15.12.2024, இரவு

ஜோஸ் அண்ணனுக்கு,

உன் கடிதம் வந்து ஐந்து வாரம் ஆகிறது. உடனே எழுதக் கூடாது என்று இருந்தேன். எழுதியிருந்தால் தாள் கிழிந்திருக்கும்.

முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது. இரண்டு வருடமாக நான் வாங்காத ஒன்றுக்குக் கடன்பட்டிருந்திருக்கிறேன். பிறகு கோபம். ஒன்பதாம் வகுப்பு முழுவதும், பத்தாம் வகுப்பு முழுவதும், ஒவ்வொரு முறை தும்மும்போதும் உன்னை நினைத்தேன். கோயிலில் யாராவது, "அண்ணன் ஒனக்காகத்தானே போறான், நீ நல்லாப் படிக்கணும்" என்று சொல்லும்போதெல்லாம் தலையை ஆட்டினேன். உன் கிட்டார் மேடையில் கேட்கவில்லை என்பதற்காக நான் இரண்டு வருடம் பயந்தேன். இதை எழுதியே ஆக வேண்டும். எழுதிவிட்டேன்.

இருளாண்டி அண்ணனிடம் போனேன். "அண்ணே, அந்த ரெண்டு டயோடையும் திரும்ப வைங்க. எனக்குக் கரகரப்பு வேணும்" என்றேன். "முப்பது வருசமாக் கரகரப்ப எடுத்துக் குடுத்துக்கிட்டு இருக்கேன். வேணும்னு கேட்டு வந்த மொத ஆளு நீதான் பாப்பா" என்றார். அந்த இரண்டையும் தூக்கிப் போடவில்லை, ஒரு டப்பாவில் வைத்திருந்தார். மாட்டிவிட்டு அவரே வாசித்துப் பார்க்கச் சொன்னார். கடையிலேயே, பட்டப்பகலில், ஹெட்போன் இல்லாமல், ஒரு குழாய் ஸ்பீக்கரில். சத்யபிரியா அவள் அண்ணனுடைய கிட்டார் என்று சொல்லி நம் கிட்டாரைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தாள். நடுக் குமிழைப் பாதிக்கு மேலே வைத்தேன். நான்கு அடி அடித்து நிறுத்தினேன். எதிரில் டீக்கடையில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குக் கேட்டது, அவர்களுக்கும் கேட்டது. உனக்கு இது ஒருநாளும் நடக்கவில்லையே என்று அங்கேயே நினைத்தேன். கோபத்துக்கு நடுவில் அது வந்தது, என்ன செய்ய.

கறுப்பைத்தான் வைத்துக்கொள்ளப் போகிறேன். ஆரஞ்சை சத்யபிரியாவிடம் கொடுத்துவிட்டேன்.

நேற்று குடில் எடுக்கிற நாள். நான் ஏறுகிறேன் என்று அம்மாவைக் கீழேயே நிறுத்திவிட்டு நான் ஏறினேன். பொம்மைகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தேன். கிட்டார் என் முழங்காலுக்குப் பின்னால் இருந்தது. அம்மா சூசையப்பரைக் கையில் வாங்கித் துடைத்துக்கொண்டே, "ஒங்க அண்ணன் மட்டும் அன்னைக்கு அந்த வார்த்தையச் சொல்லலைன்னா, இந்தக் குடிலு வைக்க நீ இருப்பியாடி?" என்றார்கள். நான் மேலிருந்து, "இல்லம்மா" என்றேன்.

இதுதான் இப்போது எனக்குத் தாங்கவில்லை. என் கழுத்தை நான் தொட்டுப் பார்ப்பதில்லை. அந்தப் பயம் போய்விட்டது, அதற்கு நன்றி. ஆனால் அம்மா தொட்டுப் பார்க்கிறார்கள். தினமும் படுக்கப் போகும்போது என் கழுத்தில் கையை வைத்துவிட்டு, உனக்காக ஒரு அருள் நிறைந்த மரியே சொல்கிறார்கள். நான் கண்ணை மூடித் தூங்குவது மாதிரி படுத்திருக்கிறேன். முன்பு என் பொய்யை மறைத்தேன். இப்போது உன்னுடையதை மறைக்கிறேன். எனக்கு என்னுடையதே லேசாக இருந்தது.

உன் கடிதத்தில் மேலே விட்டிருந்த இடத்தைத் தினமும் எடுத்துப் பார்த்தேன். நேற்று ராத்திரி குடில் வேலை முடிந்ததும் பேனாவை எடுத்து அதில் நானே எழுதினேன். சேசு என்று மட்டும் எழுத வந்தது. அதற்கு மேல் வரவில்லை. என் தாளிலும் இன்று அவ்வளவுதான் போட்டிருக்கிறேன், மேலே பார்.

மரிக்கும் சூசைக்கும் இடம் இருக்கிறது. மே மாதம் வந்து அம்மாவிடம் சொல். பிறகு எழுதிக்கொள்ளலாம்.

ஷெரின்